கச்சான் காற்றில் ஒரு பெட்டி வீடு

திருகோணமலை மாவட்டத்து வீதிகளில் எதையாவது இழுத்துக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம். இருசில்லு லாண்ட்மாஸ்டரின் பின்னால் நெல் மூட்டை, உழவு இயந்திரத்தின் பின்னால் பைபர் படகு, சீனக்குடாவிலிருந்து கிளம்பும் வாகனங்களின் பின்னால் எண்ணெய்த் தாங்கி. இந்த ஆவணியில் அந்தக் கூட்டத்தோடு நாங்களும் சேர்ந்துகொண்டோம். எங்கள் டபுள் கெப்பில் கொழுவியிருந்தது ஒரு பெட்டி வீடு. சுன்னாகத்தில் ஓர் ஒட்டுவேலைக்காரர் செய்து தந்தது. ஒரு அச்சு, இரண்டு சில்லு. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், பின்கதவைத் தூக்கினால் குசினி. மனைவிக்கும் மகளுக்கும் பெட்டி, எனக்குப் பக்கத்தில் ஒரு கூடாரம். அம்மா இரண்டிலும் படுக்கமாட்டேன் என்று யாழ்ப்பாணத்திலேயே சொல்லிவிட்டார். மூதூரில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். மாவட்டம் முழுக்க அவருக்குப் பழைய மாணவர்களின் வீடுகள் இருந்தன.

பெட்டியைத் தந்தபோது ஒட்டுவேலைக்காரர் ஆள் நிறுக்கும் தராசு ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். பெட்டியின் மூக்கைத் தராசில் நிறுத்திப் பார்த்தார். சாமான் எல்லாம் ஏற்றியபின் மொத்தம் 600 கிலோ. மூக்கில் 60 கிலோ இருக்கவேண்டும் என்றார், பத்தில் ஒன்று. மூக்கு அதற்கு மேல் கனத்தால் கெப்பின் பின்பக்கம் தாழ்ந்து, முன்சில்லுகள் றோட்டைப் பிடிக்காது. மூக்கு இலேசானால் பெட்டி வாலாட்டத் தொடங்கும். தண்ணீர்க் கான், அடுப்பு, அரிசி எல்லாம் அச்சுக்கு நேர் மேலே, தரையோடு தரையாக. மேல்தட்டில் தலையணை மட்டும். கொழுக்கிக்குக் கீழே இரண்டு சங்கிலிகளைக் குறுக்காகப் போட்டார். கொழுக்கி கழன்றாலும் மூக்கு றோட்டில் குத்தாமல் சங்கிலி ஏந்திக்கொள்ளும். பெட்டிக்குத் தனி பிரேக் கிடையாது. பெரும்பாலான வாகனங்களுக்கு பிரேக் இல்லாத பெட்டியென்றால் 750 கிலோதான் எல்லை. எங்கள் கையேட்டிலும் அதுதான் இருந்தது.

ஹொரவப்பொத்தானை வீதி

யாழ்ப்பாணத்தில் ஏற்றம் என்றால் மதகு. ஏ9 வீதியும் வவுனியா வரை பெரிதாக ஒன்றும் சோதிக்கவில்லை. வவுனியாவில் கிழக்கே திரும்பியபின் நிலம் அசையத் தொடங்குகிறது. ஒரு குளம், ஒரு மேடு, காடு, மறுபடி குளம். வீதியோரத்தில் யானைக்கு அஞ்சிப் போட்ட மின்வேலி. மேட்டில் ஏறும்போது பெட்டி பின்னால் இழுக்கும், இறங்கும்போது முன்னால் தள்ளும். தனியாக ஓடும் கெப்பில் இந்த மேடுபள்ளம் கண்ணுக்கே தெரிந்திருக்காது.

ஓர் இறக்கத்தில் தனியார் பஸ் ஒன்று எங்களை முந்தியது. அதன் முகம் பெட்டிக்கு நேராக வந்தபோது காற்று எங்களை வெளியே தள்ளியது, அதன் பின்பக்கம் கடந்தபோது உள்ளே இழுத்தது. கண்ணாடியில் பெட்டி இடமும் வலமுமாக இரண்டு முறை அசைந்தது. பிரேக்கில் கால் போகத் துடித்தது. அப்போது பிரேக் பிடித்தால் கெப் நிற்கப் பார்க்கும், பெட்டி நிற்காமல் கெப்பைப் பக்கவாட்டில் மடக்கும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி காலை மட்டும் எடுத்தேன். வேகம் இறங்க, ஆட்டமும் அடங்கியது. பின்சீற்றில் அம்மா கந்தசஷ்டி கவசத்தில் பாதி முடித்திருந்தார்.

பன்குளத்தில் தேநீருக்கு நின்றோம். கடை வாசலில் லாண்ட்மாஸ்டர் ஒன்று நெல் மூட்டைகளோடு நின்றது. மூட்டைகளின் மேல் ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும், ஓர் ஆட்டுக்குட்டியும். சிறுபோக அறுவடை முடியும் காலம். ஓட்டி வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். எங்கள் பெட்டியைச் சுற்றி வந்து, குனிந்து கொழுக்கியைப் பார்த்தார்.

"இது ஓட்டுறது சுகம். எங்கட மாதிரி இல்லைத் தம்பி. இறக்கத்தில வலப்பக்கக் கிளச்சைப் பிடிச்சா வண்டில் இடப்பக்கம் போகும், தெரியுமோ?"

எனக்குத் தெரியாது. அவர் கைப்பிடியைக் காட்டி விளக்கினார். லாண்ட்மாஸ்டரைத் திருப்புவது இரண்டு கிளச்சுகள். சமதரையில் வலப்பக்கத்தைப் பிடித்தால் வலச்சில்லுக்கு இஞ்சின் விசை நின்றுபோகும், இடச்சில்லு தள்ள, வண்டி வலப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் பெட்டியின் பாரம் பின்னாலிருந்து தள்ளுகிறது. இஞ்சின்தான் சில்லுகளைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்நேரம் வலக்கிளச்சைப் பிடித்தால் வலச்சில்லுக்கு அந்தப் பிடி விட்டுப்போகும். அது விரைந்து உருள, வண்டி எதிர்ப்பக்கம் பாயும். ஏற்றத்துக்கு ஒரு கை, இறக்கத்துக்கு வேறு கை. மேட்டின் உச்சியில் மூளையை மாற்றிப் போடவேண்டும். புதிதாகப் பழகும் பொடியன்கள் கால்வாய்க்குள் போவது இதனால்தானாம். அவருடைய பெட்டியின் பிரேக், இருக்கைக்குக் கீழே ஒரு மிதி. "இஞ்சினை நம்பாதேங்கோ, கீழ இருக்கிறதை நம்புங்கோ" என்று சொல்லிவிட்டு, ஆட்டுக்குட்டியை நடுமூட்டைக்கு மாற்றி வைத்துவிட்டுப் போனார்.

கன்னியா

நகருக்குள் நுழையுமுன் வலப்பக்கம் கன்னியா. ஏழு சிறு கிணறுகள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு சூடு. இராவணன் தாயின் கடன் கழிக்க வாளால் குத்தி எடுத்தான் என்பது ஐதீகம். இன்றும் அந்தியேட்டிக்கு வருகிறவர்கள் உண்டு. கிணறுகள் யாருடையவை, பக்கத்துப் பிள்ளையார் கோயில் எழலாமா என்ற வழக்கு நீதிமன்றம் வரை போனது. வாளி வாங்கித் தலையில் ஊற்றிக்கொள்கிற சனத்துக்கு அந்த வழக்கின் சூடு தெரிவதாயில்லை. தெரியாதது போல இருக்கப் பழகிவிட்டார்கள் என்றும் சொல்லலாம்.

ஏழின் சூட்டையும் கைவிட்டுப் பார்த்த மகள், அதே கையால் பெட்டிச் சில்லுகளின் நடுவையும் தொட்டுப் பார்த்தாள். நிறுத்தும் இடமெல்லாம் செய்யச் சொல்லியிருந்தேன். இரண்டும் ஒரேயளவு சூடென்றால் பயமில்லை. ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் பெயரிங் தேய்கிறது என்று அர்த்தம். "ரெண்டும் மூண்டாம் கிணறு" என்றாள்.

நிலாவெளி

நகரைத் தொடாமல் வடக்கே, உப்புவெளி யுத்த மயானத்தைக் கடந்து நிலாவெளிக்குப் போனோம். விடுதிகளும் புறாத்தீவுக்குப் படகு ஏற்றுகிறவர்களும் நிறைந்த கரை. எங்களுக்கு இடம் கிடைத்தது கடலிலிருந்து தள்ளிய ஒரு தென்னங்காணி. உரிமையாளர் அக்காவின் பழைய வீடு கரையோடு இருந்ததாம். 2004 மார்கழி 26 அதை எடுத்துக்கொண்டது. புதிய வீட்டின் படலை அகலமானது, ஆனால் ஒழுங்கை ஒடுக்கம். பெட்டியைப் பின்னால் விட்டு உள்ளே எடுக்கவேண்டும்.

இழுவையில் மனிதரைத் தாழ்த்தும் வேலை இதுதான். முன்னால் போகும்போது எந்தப் பெட்டியும் சொல் கேட்கும். பின்னால் தள்ளும்போது ஸ்டியரிங்கை வலப்பக்கம் வெட்டினால் அது இடப்பக்கம் போகும், திருத்தப் போனால் கத்தரிக்கோல் போல மடங்கி நிற்கும். ஒழுங்கையில் சனம் சேர்ந்துவிட்டது. பக்கத்து வளவில் படகு வைத்திருக்கும் தம்பி ஒருவர் வந்து சன்னலில் கை வைத்தார். தினமும் உழவு இயந்திரத்தால் படகைக் கடலுக்குள் தள்ளி இறக்குகிறவர்.

"அண்ணை, மேல பிடியாதேங்கோ. ஸ்டியரிங்கின்ர அடியில ஒரு கையால பிடியுங்கோ. பெட்டின்ர பின்பக்கம் எந்தப் பக்கம் போகோணுமோ, அந்தப் பக்கமே கையைக் கொண்டுபோங்கோ. கொஞ்சம் கொஞ்சமா. மடங்கினா வெட்கப்படாம முன்னால எடுங்கோ."

அடியில் பிடித்தவுடன் எல்லாம் நேரானது. கை போன பக்கம் பெட்டி போனது. கூட்டம் ஏமாற்றத்தோடு கலைந்தது.

அக்கா இராச்சாப்பாட்டுக்கு அரிசிமாப் பிட்டும் பாரைமீன் குழம்பும் வைத்திருந்தார். யாழ்ப்பாணக் குழம்பின் உறைப்புக்குப் பழகிய நாக்குக்கு அவருடைய குழம்பு அடக்கமானது. தேங்காய்ப்பால் முன்னுக்கு நிற்க, புளி பின்னால் வருகிறது. விடியற்காலை கரைவலை இழுத்தார்கள். இரண்டு கயிற்றிலும் சனம் நின்று, அம்பா பாடாமல், ஒரு கைத்தொலைபேசிப் பாட்டுக்கு அடி வைத்து இழுத்தது. அந்தத் தம்பி படகை இறக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மணலில் இறங்குமுன் டயர்களின் காற்றைக் குறைத்தார். டயர் பரந்து மணலில் மிதந்தது. படகு நீரில் ஏறியதும், மீண்டும் காற்று அடித்த பிறகுதான் தார்றோட்டுக்கு வந்தார். காற்றுக் குறைந்த டயரோடு தார்றோட்டில் ஓடினால் சூடேறி வெடிக்கும் என்றார்.

கோட்டையும் உவர்மலையும்

கோணேசர் மலைக்குப் பெட்டியை ஏற்றவில்லை. கடற்கரைத் திடலில் சில்லுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து விட்டுவிட்டு நடந்தோம். 1624இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டைவாசலுக்குள் நுழைந்தால் இராணுவ முகாமும் புள்ளிமான்களும் ஒன்றாக நிற்கின்றன. மான்கள் சனத்தின் கையிலுள்ள பையைத்தான் முதலில் பார்க்கின்றன. இடித்த கோயிலின் கற்களும் இந்தக் கோட்டைச் சுவரில் போயின என்பார்கள். மேலே இராவணன் வெட்டில் எட்டிப் பார்த்தால் கடல் நேர் கீழே. நீரின் நிறம் மட்டும் ஆழத்தைச் சொல்கிறது. கரையிலிருந்து நெடுந்தூரம் முழங்கால் அளவே இருக்கும் எங்கள் யாழ்ப்பாணக் கடலேரியைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, கரையோடே இப்படி ஆழம் தொடங்குவது நம்பக் கடினம்.

அந்த ஆழந்தான் துறைமுகம். அதைப் பார்க்க உவர்மலைக்குப் போகவேண்டும். நாங்கள் போன நேரம், மாவாலைக்குக் கோதுமை கொண்டுவந்த கப்பல் ஒன்றை இழுவைப் படகு கரைக்குத் திருப்பிக்கொண்டிருந்தது. படகு அந்தக் கப்பலின் காற்பங்கு நீளமும் இல்லை. இழுக்கும்போது கயிறு ஒருமுறையும் சடாரென்று இறுகவில்லை. மெல்ல மெல்ல விறைத்து, விறைத்த பிறகே விசை கூடியது.

இதே உள்துறைமுகத்தில் 1944 ஆவணி 8ஆம் திகதி நடந்ததை இழுவை வண்டி ஓட்டும் எல்லோருக்கும் சொல்லலாம். ஜப்பானோடு நடந்த போருக்காகப் பிரித்தானியர் பெரிய மிதவைத்துறை ஒன்றை இங்கே வைத்திருந்தார்கள். பம்பாயில் கட்டியது. அடித்தாங்கிகளில் நீரை நிரப்பினால் துறை தாழும், கப்பல் உள்ளே வரும், நீரை இறைத்தால் கப்பலோடு மேலே எழும். அன்று உள்ளே இருந்தது 'வலியன்ட்' என்ற போர்க்கப்பல், முப்பதாயிரம் தொன்னுக்கு மேல், வெடிபொருளும் இறக்காமல். தாங்கிகளை இறைத்ததில் ஒரு சீர் இல்லை. நடுவும் நுனிகளும் ஒன்றுபோல எழாமல் நுனிப்பகுதிகள் தாங்கமாட்டாமல் முறிந்தன. துறை மூழ்கியது. கப்பலின் சுக்கானும் அடிச்சுழலிகளும் சேதமாயின. அந்தப் போரில் அது பிறகு சண்டைக்குப் போகவில்லை. இரண்டு வருடம் முந்தி, 1942 சித்திரை 9இல், ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்ட துறைமுகம் இது. குண்டு போடாத ஒரு நாளில் பாரத்தைப் பிழையாகப் பிரித்தே இவ்வளவு பெரிய ஒன்றை இழந்தார்கள். தராசில் வைத்த 60 கிலோ மூக்கை நான் அன்று மீண்டும் ஒருமுறை சரிபார்த்தேன்.

சீனக்குடா

புதர் மண்டிய மேட்டில் எண்ணெய்த் தாங்கிகள், 99. இரண்டாம் உலகப்போருக்கு முன் கட்டியவை. இவற்றோடு இருந்த ஒன்று அந்தச் சித்திரைத் தாக்குதலில் எரிந்தது. இந்தியாவோடு ஒப்பந்தம், பிறகு இன்னோர் ஒப்பந்தம் என்று பத்திரிகைகளில் அடிக்கடி வரும் பெயர்கள். நேரில் பார்த்தால் பாதிக்கு மேல் காட்டுக்குள் உறங்குகின்றன.

தேநீர்க்கடையில் பவுசர் ஓட்டும் அண்ணை ஒருவர் எங்கள் பெட்டியின் தண்ணீர்த் தாங்கியைப் பற்றிக் கேட்டார். அரைவாசி இருக்கிறது என்றேன். "அதுதான் கூடாது" என்றார். நிரம்பிய தாங்கி அசையாது, வெறுந்தாங்கி பாரமில்லை. பாதித் தாங்கிதான் பிரேக் பிடிக்கும்போது முன்னால் பாய்ந்து, வளைவில் வெளிப்பக்கம் சாய்ந்து வண்டியைப் புரட்டும். அவருடைய பவுசருக்குள் தடுப்புச் சுவர்கள் உண்டு. உள்ளே எண்ணெய் ஒரே அலையாக ஓடாது. "உங்கட தாங்கிக்குள்ள தடுப்பு இருக்கோ?" இல்லை. மரத்தடியில் ஊற்றிவிட்டோம். ஒரு நாய் வந்து குடித்தது.

கிண்ணியா, மூதூர்

கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது, 396 மீற்றர். ஏறுமுன் கரையில் நிறுத்தினேன். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. தம்பலகாமம் விரிகுடாவின் மேலாக வரும் அந்த உலர்ந்த சூட்டுக் காற்று பாலத்தை நேர் குறுக்கே வெட்டுகிறது. தட்டையான பக்கச்சுவர் கொண்ட பெட்டிக்குப் பாய் கட்டியது போலத்தான். நாற்பதில் ஏறினோம். பாலத்தின் நடுவில் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் மேற்கே சாய்த்துப் பிடித்தால்தான் நேராகப் போக முடிந்தது. பின்னால் வந்த ஓட்டோக்கள் ஹோர்ன் அடித்தன, அடிக்கட்டும்.

அம்மா பாலத்தைப் பார்க்கவேயில்லை, தண்ணீரையே பார்த்தார். அவர் படிப்பிக்க வந்த காலத்தில் நகரிலிருந்து மூதூருக்கு லோஞ்சில் கொட்டியாற்றுக் குடாவைக் கடக்கவேண்டும். தரைவழி வந்தால் ஒவ்வொரு ஆற்றுவாயிலும் பாதை என்கிற மிதவை. பஸ்ஸை மிதவையில் ஏற்றி, சனம் இறங்கி நின்று, கம்பியை இழுத்து அக்கரை சேர்ப்பார்கள். ஆறே இல்லாத ஊரிலிருந்து வந்த பெண்ணுக்கு முதல் மாதம் முழுக்க வயிற்றைக் குமட்டியதாம். பாதைகளின் காலம் முடிந்துவிட்டது என்று நினைத்திருக்க, 2021 கார்த்திகையில் குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாததால் ஓடிய மிதவை கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இறந்தார்கள். அம்மா அந்தப் பக்கம் திரும்பச் சொன்னார். கரையில் இறங்கிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஒன்றும் பேசாமல் ஏறினார்.

மூதூரில் அவருடைய மாணவர் ஒருவரின் வீடு. இப்போது பேரப்பிள்ளைகள் கண்டவர். "டீச்சர், இந்தப் பெட்டிக்குள்ளயா வந்தீங்க?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் மட்டிக் கறியும் நெய்ச்சோறும் வைத்தார். மட்டியின் ஓட்டைக் கையால் பிளந்து சாப்பிடும் வித்தை மகளுக்கு வர நேரமெடுத்தது. அம்மாவுக்கு மறக்கவில்லை. அந்த வீட்டு முற்றத்தில், போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தபோது குடும்பத்தை ஏற்றிப்போன உழவு இயந்திரப் பெட்டி இன்னும் கிடந்தது. அடித்தட்டு இத்துவிட்டது. மேலே கோழிகள்.

வெருகல்

வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோயிலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தது திருவிழா நேரம். ஆற்றங்கரை முழுக்க உழவு இயந்திரங்கள். ஒவ்வொன்றின் பெட்டியும் ஒரு வீடு. பெட்டியின் நாலு மூலையிலும் கம்பு நட்டு, தார்ப்பாயை வளைத்துக் கட்டி, அடியில் வைக்கோலும் பாயும். பக்கப்பலகையை இறக்கினால் திண்ணை. கீழே, சில்லுகளுக்கு இடையிலான நிழலில் கிழவர்கள் நித்திரை. பின்பக்கம் மூன்று கல் அடுப்பு. குத்துவிளக்கு, தண்ணீர்ப் பானை, ஏணையில் குழந்தை. மட்டக்களப்புப் பக்கமிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். திருவிழா முடியும் வரை இதுதான் குடியிருப்பு.

சுன்னாகத்துப் பெட்டியை அங்கே நிறுத்தியபோது யாரும் வியக்கவில்லை. வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து நாங்கள் செய்வித்தது இந்த ஆற்றங்கரையில் தலைமுறையாக இருக்கிறது, தகரக்கதவும் பூட்டும் இல்லாமல். பக்கத்துப் பெட்டிப் பெண் எங்கள் குசினிக்கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "காத்து வராதே" என்றார். சரிதான். அன்றிரவு மனைவியும் மகளும் அவர்களுடைய தார்ப்பாயின் கீழ்தான் படுத்தார்கள். பெட்டி வீட்டில் அம்மா படுத்தார், முதல் முறையாக. மாணவர் வீடு அங்கே ஒன்றும் இல்லாததால்தான் என்று காலையில் விளக்கம் சொன்னார்.

கந்தளாய்

திரும்பும்போது அல்லை கந்தளாய் வீதி. கந்தளாய்க் குளத்தின் அணையடியில் நின்றோம். 1986 சித்திரை 20இல் உடைந்து நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோன அணை. தாங்க முடியாத பாரமேற்றிய வாகனங்கள் அணை மேலால் போனதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. இப்போது கரையெங்கும் எருமைகள், வீதியெங்கும் தயிர்க்கடைகள்.

தயிர் விற்றவர் நாலு சட்டியை உறியில் கட்டித் தந்தார். நான் பின்கதவைத் தூக்கிக் குசினியில் வைக்கப் போனேன். "அங்க வேணாம், வால்பக்கம்தான் கூடத் துள்ளும். சில்லுக்கு மேல வைங்க" என்றார். சில்லுக்கு மேலே அரிசியும் அடுப்பும் இருந்தன. மூக்கில் வைத்தால் தராசுக் கணக்குப் பிழைக்கும். நாங்கள் யோசித்துக்கொண்டு நிற்க, அம்மா இறங்கி வந்து நாலு சட்டியையும் வாங்கிக்கொண்டு போய்க் கெப்பின் பின்சீற்றில் தன் காலடியில் வைத்தார். ஹபரணை வரை ஒவ்வொரு வளைவிலும் "மெல்ல" என்றார். வேகமுள் நாற்பதைத் தாண்டவில்லை.